காரணம் கேளாத வைத்தியம்

(தஞ்சை ஜில்லாவில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு நோயைப் பற்றியதாகும். "கூட்டத்தில் நோயைப் பற்றிப் பேசுவானேன்? அதற்கு டாக்டர்கள் இல்லையா?" என்று சிலர் நினைக்கலாம். நியாயந்தான். நான் வைத்தியம் சொல்ல வரவில்லை. இன்ன மருந்தை வாங்கிச் சாப்பிடுங்கள் என்று சொல்லவும் வரவில்லை. ஆனால், ஒரே ஒரு கேள்வியைக் கேட்கத் தவறியதால் மனிதர்கள் ஒரு முறைக்கு இரண்டு முறை உயிர்ப் போராட்டம் போராட வேண்டியிருக்கிறது என்றால், அந்தக் கேள்வியைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இதுவல்லாமல் வேறு எது? அந்தக் கேள்வி "ஏன்?" என்பதுதான்.

நமக்குச் சிறுநீரகம் என்று இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. நம் வீட்டுப் பெரியவர்கள் குண்டிக்காய் என்பார்கள். காவிரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு இதன் வேலையை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. வயலுக்கு வாய்க்கால் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் வடிகால். வடிகால் தூர்ந்துபோனால் தண்ணீர் தேங்கி நட்ட பயிர் அழுகிப்போகும். உடம்பில் உண்டாகும் கழிவுகளைத் தண்ணீரில் கரைத்து வெளியே தள்ளுகிற வடிகால்தான் சிறுநீரகம். இரண்டும் கெட்டுப்போனால் பிழைப்பதற்கு இரண்டே வழிகள்தாம். ஒன்று, டயாலிஸிஸ் என்பது. பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஆஸ்பத்திரியில் படுத்து இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்வது. மற்றொன்று, இன்னொருவருடைய சிறுநீரகத்தை வாங்கிப் பொருத்திக்கொள்வது.

புராணத்திலே தலையையே வெட்டி ஒட்டியதாகக் கதை இருக்கிறது. ஆனால் அந்தக் கதையைப் படித்து எந்த டாக்டரும் உறுப்பு மாற்றக் கற்றுக்கொண்டதில்லை. 1954-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஜோசப் மர்ரே என்ற டாக்டர், இரட்டைப் பிள்ளைகளில் ஒருவரின் சிறுநீரகத்தை எடுத்து மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். அதற்காக 1990-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டிலே இந்தச் சிகிச்சை முதன்முதலாக நிலைத்த வெற்றி பெற்றது நம் தமிழ்நாட்டில்தான். 1971-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில். மூளை இறந்துபோனவர்களின் உறுப்புகளைப் பெற்று முறைப்படி பங்கிட்டுக் கொடுக்கும் திட்டத்தை 2008-ல் நம் மாகாணம் ஏற்படுத்திற்று. ஆகவே சிறுநீரக மாற்று என்பது இன்று நமக்குப் புதிய சங்கதியல்ல. முதல் மந்திரியின் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைகளுக்கும் அது கிடைக்கிறது.

நிற்க. பாஸ்டனில் பிழைத்த அந்த மனிதர் எட்டு வருஷம் வாழ்ந்து 1963-ல் இறந்துபோனார். அதற்குள் அவருடைய பழைய சிறுநீரகத்தைக் கெடுத்த நோய் புதிய சிறுநீரகத்துக்கும் வந்துவிட்டது. அவருடையது பரம்பரை நோய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் வெற்றியிலேயே உலகத்துக்கு ஒரு பாடம் கிடைத்துவிட்டது. கெட்டுப்போன உறுப்பை மாற்றிவிடலாம். கெடுத்த காரணம் உள்ளேயே உட்கார்ந்திருந்தால் அது மாற்றிய உறுப்பையும் கெடுக்கும் என்பதுதான் அந்தப் பாடம்.

வடிகாலும் மேல்மடையும்

இதை ஒரு நோயை வைத்தே சொல்லுகிறேன். ஆக்சலேட் என்று ஒரு கழிவுப்பொருள். எல்லாருடைய உடம்பிலும் கொஞ்சம் உண்டாகிறது, சிறுநீரில் போய்விடுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே ஈரலில் இருக்கவேண்டிய ஒரு என்சைம் வேலை செய்வதில்லை. இதுதான் குறை என்பதை 1986-ல் இங்கிலாந்தில் டன்புரே, ஜென்னிங்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த என்சைம் இல்லாததால் ஈரல் அளவுக்கு மீறி ஆக்சலேட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அது சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கல்லாகிறது. சிறுநீரகம் முழுவதும் பொடிப்பொடியாகப் படிகிறது. கடைசியில் சிறுநீரகம் அடைத்துக்கொண்டு நின்றுவிடுகிறது. மேல்நாட்டுக் கணக்குப்படி இந்த நோய் உள்ளவர்கள் பத்து லட்சம் பேரில் ஒருவர் முதல் மூவர் வரைதான் இருப்பார்கள். அதனால்தான் இதை அரிய நோய் என்கிறார்கள்.

இப்போது நீங்களே யோசித்துப் பாருங்கள். கெட்டது எது? வடிகால். கெடுத்தது எது? மேலே இருக்கிற ஈரல். மேலேயிருந்து மணலும் சேறும் அடித்துக்கொண்டு வரும்போது, தூர்ந்த வடிகாலை விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிய வடிகால் வெட்டினால் அது எத்தனை நாளைக்குத் தாங்கும்? அடுத்த வெள்ளத்தில் அதுவும் தூர்ந்துபோகும் என்று கல்லணைக்குக் கீழே இருக்கிற எந்தக் குடியானவனும் சொல்லிவிடுவான். இந்த நோயாளிக்கு வெறும் சிறுநீரகத்தை மட்டும் மாற்றினாலும் கதி அதுவேதான். போதாக்குறைக்கு, சிறுநீரகம் நின்றுபோன காலத்தில் எலும்பிலும் இருதயத்திலும் கண்ணிலும் சேர்ந்து தங்கிவிட்ட ஆக்சலேட் அத்தனையும் புதிய சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறப் பார்க்கும். சில மாதங்களிலேயே, சிலருக்குச் சில வாரங்களிலேயே, புதியதும் அடைத்துக்கொள்ளும்.

மாற்றிய பிறகு கண்டுபிடிப்பது

நம் நாட்டு டாக்டர்கள் வைத்தியப் பத்திரிகைகளில் எழுதியிருக்கும் இப்படிப்பட்ட நோயாளிகளின் கதைகள் ஏறக்குறைய ஒரே மாதிரியாக இருக்கின்றன. சிறு வயதிலிருந்தே கல் தொந்தரவு. கல் வந்தபோதெல்லாம் எடுத்துவிட்டார்கள். "தண்ணீர் குறைவாகக் குடிக்கிறாய், கீரையையும் தக்காளியையும் நிறுத்து" என்றார்கள். வாழைத்தண்டுச் சாறு குடித்தார்கள். எடுத்த கல் என்ன கல் என்று ஒருவரும் பார்க்கவில்லை. இருபது முப்பது வயதில் சிறுநீரகம் நின்றுபோயிற்று. சிலருக்குக் கல்லே தெரியாமல் ஒரேயடியாக நின்றுபோயிற்று. "காரணம் தெரியவில்லை" என்று சீட்டில் எழுதி, மாற்றுச் சிகிச்சை நடந்தது. தாயோ மனைவியோ சகோதரியோ சிறுநீரகம் கொடுத்தார்கள்.

கொஞ்ச நாளைக்குள் இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு ஏறத் தொடங்கியது. "உடம்பு அந்நிய உறுப்பை ஏற்றுக்கொள்ளவில்லை" என்று நினைத்து அதற்கு உண்டான மருந்துகளை அதிகமாகக் கொடுத்தார்கள். பலன் இல்லை. பிறகு ஊசியினால் புதிய சிறுநீரகத்திலிருந்து ஒரு துளி சதையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, அதற்கென்று உள்ள ஒரு தனி வெளிச்சத்தில் பார்த்தபோது, குழாய்களுக்குள்ளே பளபளவென்று மின்னும் படிகங்கள்! அப்போதுதான் உண்மை தெரிந்தது. இந்த ஆக்சலேட் நோய் உள்ளவர்களில் சுமார் பத்துப் பேரில் ஒருவருக்கு மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகுதான் நோய் இன்னதென்று கண்டுபிடிக்கப்படுகிறது என்று இத்துறை நிபுணர்கள் எழுதியிருக்கிறார்கள்.

தோழர்களே, இதில் நஷ்டப்பட்டது யார் என்று பாருங்கள். நோயாளி மட்டும் அல்ல. நம் தேசத்தில் உயிரோடிருந்து சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தன் வயிற்றைக் கீறி ஒரு தாய் கொடுத்த உறுப்பு, யாரும் "ஏன்?" என்று கேட்காத ஒரே காரணத்தால் சில மாதத்தில் கல்லாகிப் போகிறது. அவளுக்கு நாம் என்ன பதில் சொல்ல முடியும்? "உன் மகன் விதி" என்று சொன்னால் அது பதிலாகுமா?

முன்கூட்டியே தெரிந்திருந்தால் செய்ய வேண்டியது வேறு. இந்த நோயில் ஒரு வகைக்காரருக்குப் பி-6 என்ற வைட்டமின் கொடுத்தாலே, குறைந்த என்சைம் ஓரளவு வேலை செய்யத் தொடங்கும். மற்றவர்களுக்கு ஈரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்து மாற்றுவார்கள். நல்ல ஈரல் வந்தால் மேல்மடை சீராகிவிடுகிறது. 2020-ல் லூமாசிரான் என்ற மருந்துக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது. அது ஈரலுக்குள்ளே ஆக்சலேட்டாக மாறப்போகிற சரக்கு உண்டாகாதபடி மேலேயே மதகை இறக்கிவிடுகிறது. விலையோ மிக அதிகம். ஆனால் வழி உண்டு என்பதும், அந்த வழி காரணத்தைத் தேடியதால் வந்ததே என்பதும் மறுக்க முடியாதவை.

விலை குறைந்த ஒரு மாத்திரை

இன்னொரு நோயைச் சொன்னால் உங்களுக்கு ஆத்திரமே வரும். இதில் உடம்பு அடினைன் என்ற பொருளைத் திரும்பப் பயன்படுத்திக்கொள்ளச் சக்தியற்றுப் போகிறது. அது டைஹைட்ராக்ஸி அடினைன் என்று மாறி, தண்ணீரில் கரையாமல் சிறுநீரகத்தில் கல்லாகவும் பொடியாகவும் படிகிறது. இந்தக் கல் சாதாரண எக்ஸ்ரே படத்தில் தெரியாது. யூரிக் அமிலக் கல் என்று ஏமாந்துபோவார்கள். இதுவும் பலருக்கு மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு, மாற்றிய சிறுநீரகமும் கெடும்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

இதற்கு மருந்து என்ன தெரியுமா? அல்லோபூரினால் என்ற பழைய மாத்திரை. மூட்டில் யூரிக் அமிலம் சேர்ந்து வீங்குகிறவர்களுக்குக் கொடுப்பார்களே, அதுதான். எந்த மருந்துக் கடையிலும் குறைந்த விலைக்குக் கிடைப்பது. முன்பே கண்டுபிடித்து டாக்டர் சொன்ன அளவில் ஆயுள் முழுவதும் சாப்பிட்டு வந்தால் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் கெடாமலேயே காப்பாற்றலாம். அதாவது, சில ரூபாய் மாத்திரையில் தீரவேண்டிய காரியம், பல லட்ச ரூபாய்ச் சிகிச்சைக்கும் இரண்டு குடும்பங்களின் கண்ணீருக்கும் வந்து நிற்கிறது. இந்த மாத்திரையை ஆராய்ந்து கொண்டுவந்தவர்களில் ஒருவர் கெர்ட்ரூட் எலியான் என்ற அம்மையார். பெண் என்பதால் ஆராய்ச்சி வேலை கிடைக்காமல் அலைந்தவர் அவர். 1988-ல் நோபல் பரிசு பெற்றார். உறுப்பு மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் அசாத்தியோபிரின் என்ற மருந்தும் அவர் பங்கில் வந்ததே. இவ்விரண்டு மருந்தையும் யோசனையில்லாமல் சேர்த்துக் கொடுத்தால் இரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். ஆதலால் யாரும் தானாக வாங்கிச் சாப்பிட்டுவிடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

விதியா, விதையா?

பிறவி நோய் என்றவுடனே நம் ஜனங்கள் "பூர்வஜென்ம பாவம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அல்லது மருமகளைக் கைகாட்டி "இவள் வந்த ராசி" என்கிறார்கள். வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய்க் கட்டைவிரல் ரேகையைக் கொடுத்து ஏடு பார்க்கிறார்கள். திருநள்ளாற்றுக்குப் போய்ச் சனீஸ்வரனுக்கு எள் விளக்கு ஏற்றுகிறார்கள். ஏட்டிலே நோய் வரும் என்று எழுதியிருக்கலாம்; எந்த நோய், எந்த என்சைம், எந்த மருந்து என்று எந்த ஏட்டிலாவது எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் நோயாளியின் கல்லை ஏன் டாக்டர் பார்க்க வேண்டும்?

பிறவிக் குறை எப்படி வருகிறது என்பதைக் கண்டவர் மெண்டல் என்ற ஒரு பாதிரியார். அவர் அதை வேத புஸ்தகத்தைப் புரட்டிக் காணவில்லை. தோட்டத்தில் பட்டாணிச் செடியை எண்ணி எண்ணிப் பார்த்து 1860-களில் கண்டார். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஜில்லாவில் இருக்கிற உங்களுக்கு இது எளிதில் விளங்கும். 1965-ல் வந்த ஆடுதுறை 27 என்ற நெல், ஜப்பான் நெல்லையும் நம் நெல்லையும் கலந்து எடுத்ததுதானே! அப்படிக் கலந்த முதல் தலைமுறைச் செடிகள் ஒன்றுபோல இருக்கும். அதன் விதையை எடுத்து மறுபடி விதைத்தால், சில நெட்டை, சில குட்டை என்று பாட்டன் காலத்துக் குணங்கள் வெளியே வரும். அவை இடையிலே எங்கே போயிருந்தன? மறைந்திருந்தன.

மனிதனிலும் அப்படியே. ஒவ்வொரு குணத்துக்கும் தாயிடமிருந்து ஒரு ஜீன், தகப்பனிடமிருந்து ஒரு ஜீன். நான் சொன்ன இரண்டு நோய்களிலும், ஒன்று கெட்டு ஒன்று நன்றாக இருந்தால் ஆள் சுகமாகவே இருப்பார். தன்னிடம் குறை இருப்பது அவருக்கே தெரியாது. அப்படிப்பட்ட இருவர் கல்யாணம் செய்துகொண்டால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு, இரண்டு கெட்ட ஜீனும் சேர்ந்து நோய் வர இடமுண்டு. தாயின் குற்றமும் இல்லை, தகப்பன் குற்றமும் இல்லை, இருவருக்கும் சமபங்கு. இதில் மருமகளின் ராசி எங்கே வந்தது?

உறவும் ஜாதியும்

1902-ல் லண்டனில் ஆர்ச்சிபால்ட் கேரட் என்ற டாக்டர், சிறுநீர் கறுத்துப்போகிற ஒரு பிறவிக் குறையை ஆராய்ந்தார். அப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர்களில் பலர் அண்ணன் தம்பி, அக்காள் தங்கை பிள்ளைகளாக இருந்து கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்று கண்டார். ஒரே பாட்டனிடமிருந்து ஒரே கெட்ட ஜீன் இரண்டு கிளையிலும் இறங்கி மறுபடி சந்திக்க வசதி ஏற்படுகிறது. நம் நாட்டிலோ அத்தை மகள், மாமன் மகள் என்பதோடு நில்லாமல் அக்காள் மகளையும் கட்டுகிறோம். இது அதைவிட நெருக்கமான இரத்தம். 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 28 பெண்கள் உறவுக்குள்ளே மணமானவர்கள். நிலம் வெளியே போகக் கூடாது, நகை வெளியே போகக் கூடாது என்பதற்காகச் செய்கிற ஏற்பாடு இது. நிலத்தோடும் நகையோடும் நோயும் வெளியே போகாமல் வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

உறவில் கட்டியவர்களுக்கெல்லாம் நோய்ப்பிள்ளை பிறக்கும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோருக்கு நல்ல பிள்ளைகளே பிறக்கின்றன. ஆபத்து அதிகம் என்பதே விஷயம். உறவை விட்டு ஜாதிக்குள் கட்டினால் போதுமா என்றால், அதற்கும் பதில் இருக்கிறது. ஹைதராபாத் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ் அவர்களும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களும் 2017-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தென்னாசியாவில் 263 கூட்டத்தாரின் இரத்தத்தை ஆராய்ந்தார்கள். அவற்றில் 81 கூட்டங்கள், பிறவி நோய்களுக்குப் பேர்போன பின்லாந்துக்காரர்களையும் ஐரோப்பிய யூதர்களையும்விட அதிகமாக, சில முன்னோர்களின் வழியிலேயே திரும்பத் திரும்பப் பெருகியவை என்று கண்டார்கள். ஜாதி விட்டு ஜாதி கட்டக் கூடாது என்ற விதி, எத்தனையோ தலைமுறையாக மனிதனை அவன் இரத்தத்துக்குள்ளேயே சிறை வைத்திருந்ததற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

என்ன செய்ய வேண்டும்?

தோழர்களே, கோபப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போவதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. செய்யக்கூடிய காரியங்கள் இருக்கின்றன.

முதலாவது, கல் விழுந்தால் எறிந்துவிடாதீர்கள். ஒரு சிறு சீசாவில் போட்டு எடுத்துப்போய், இது என்ன கல் என்று பரிசோதித்துச் சொல்லும்படி கேளுங்கள். குழந்தைக்குக் கல் வந்தாலும், பெரியவர்களுக்குத் திரும்பத் திரும்ப வந்தாலும், இரண்டு பக்கமும் வந்தாலும், காரணத்தைப் பார்த்தே தீரவேண்டும்.

இரண்டாவது, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இல்லாமல் இளம் வயதில் சிறுநீரகம் கெட்டால், "காரணம் தெரியவில்லை" என்ற இரண்டு வார்த்தையோடு திருப்தியடையாதீர்கள். பெற்றோர் உறவுக்குள் கட்டியவர்களா, உடன்பிறந்தவர்களுக்குக் கல் உண்டா, பங்காளிகளில் யாராவது டயாலிஸிஸ் செய்துகொண்டார்களா, காது கேட்காதவர்கள் உண்டா என்பதைக் கேட்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். காது மந்தமும் சிறுநீரில் இரத்தமும் சேர்ந்து வரும் பரம்பரை நோயும் ஒன்று உண்டு. கௌரவக் குறைச்சல் என்று குடும்ப நோயை மறைப்பது, வைத்தியரின் கண்ணைக் கட்டிவிட்டு வைத்தியம் செய்யச் சொல்வதாகும்.

மூன்றாவது, மாற்றுச் சிகிச்சைக்கு முன்பே ஜீன் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். சிறுநீரகம் நின்றுபோன பிறகு சிறுநீரைச் சோதிப்பது நம்பத் தகுந்ததாக இராது; இரத்தத்தையும் ஜீனையும் பார்க்க வேண்டும். சிறுநீரகம் கொடுக்க முன்வரும் அண்ணன் தம்பி, அக்காள் தங்கைக்கும் இதே சோதனை வேண்டும். வெளியே தெரியாமல் அதே நோய் அவர்களுக்குள்ளும் இருந்தால், கொடுத்தவரும் கெட்டு வாங்கியவரும் கெடுவார்.

நான்காவது, ஒருவருக்கு நோய் கண்டால் உடன்பிறந்தவர்கள் அத்தனை பேரையும் சோதியுங்கள். ஒருவருக்குக் காலம் கடந்து கண்டுபிடித்தது, மற்றவர்களுக்குக் காலத்தில் கண்டுபிடித்ததாக ஆகும். ஏற்கெனவே மாற்றிக்கொண்டு மறுபடி கெடுகிறவர்களும் கைவிட வேண்டியதில்லை. காரணம் தெரிந்த அன்றுதான் சரியான வைத்தியம் தொடங்குகிறது.

ஐந்தாவது, சர்க்காரைக் கேளுங்கள். 2021-ல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையில், ஈரலும் சிறுநீரகமும் சேர்த்து மாற்றுவதும் உதவிக்கு உரியதாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. 2022-ல் அந்த உதவியின் உச்ச வரம்பு 50 லட்ச ரூபாய் ஆக்கப்பட்டது. காகிதத்தில் இருப்பது கைக்கு வரவேண்டுமானால் உரிமையோடு கேட்க வேண்டும். தஞ்சையில் 1959 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லைப் பரிசோதிக்கவும், ஜீனைப் பரிசோதிக்கவும் மன்னார்குடிக்காரனும் வேதாரண்யத்துக்காரனும் சென்னைக்கு வண்டி ஏறாமல் செய்துகொள்ள வேண்டும் என்று நாம் கேட்பதில் என்ன தப்பு?

முடிவாக ஒன்று சொல்லுகிறேன். டாக்டரை நம்பாதீர்கள் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த நோய்களைக் கண்டதும் டாக்டர்கள்தாம். தங்கள் கையில் தவறிப்போனதை மறைக்காமல், மற்றவர்கள் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று பத்திரிகையில் எழுதியவர்களும் அவர்கள்தாம். அந்த நாணயம் எந்த ஜோசியனுக்காவது உண்டா? தன் ஜோசியம் பொய்த்துப்போனதைப் பத்து வருஷம் கழித்தாவது எழுதி வைத்த ஜோசியன் ஒருவனைக் காட்டட்டும்! "தெரியவில்லை, தேடுவோம்" என்பது அறிவாளியின் வார்த்தை. "எல்லாம் விதி" என்பது தேடச் சோம்பியவனின் வார்த்தை. முன்னதைச் சொல்லுகிறவர்களோடு சேர்ந்து நாமும் கேட்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

நான் சொன்னதை நான் சொன்னேன் என்பதற்காக நம்பிவிட வேண்டாம். படித்தவர்களைக் கேட்டு, டாக்டர்களைக் கேட்டு, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள்.